உருண்டைக் குருதிக்கலமும் உப்புநீர்ச் சோதனையும்



ஒரு குழந்தையின் கண் மஞ்சளிக்கின்றது. வீட்டுப் பெரியோர் செங்கண்மாரி என்கின்றனர். கீழ்க்காய்நெல்லியை அரைத்து மோரிற் கலந்து கொடுக்கின்றனர். சில நாளில் மஞ்சள் குறைகின்றது. அடுத்த காய்ச்சலோடு மீண்டும் வருகின்றது. தாயாரை விசாரித்தால், தமக்கும் இளமையில் இப்படித்தான் இருந்ததென்றும், பின்னர் பித்தப்பையிற் கல் கண்டு சத்திரசிகிச்சை செய்ததென்றும் கூறுகின்றார். இத்தகைய குடும்பத்தில், ஈரலின்மேற் பழியைச் சுமத்துவதற்கு முன் குருதியையும் ஒருமுறை விசாரித்தல் வேண்டும்.

நமது செங்குருதிக்கலம் இருபுறமும் குழிந்த ஒரு தட்டுப் போன்றது. அதன் குறுக்களவு ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்கில் ஏழெட்டு மடங்கு. ஏறக்குறைய 120 நாள் வாழும் இக்கலம், அக்காலமெல்லாம் தன்னிலும் ஒடுங்கிய இடுக்குகளினூடாக, சிறப்பாக மண்ணீரலின் இடுக்குகளினூடாக, நெளிந்து வளைந்து சென்று மீளவேண்டும். அதற்கு வேண்டிய உறுதியையும் நெகிழ்வையும் தருவது அதன் மென்சவ்வு. மென்சவ்வின் உட்புறத்தில் இசுபெக்திரின் என்னும் புரதம் வலைபோற் பின்னிக் கிடக்கின்றது. அங்கிரின் முதலிய வேறு புரதங்கள் அவ்வலையைச் சவ்வோடு பிணைக்கின்றன.

இப்புரதங்களுள் ஒன்று பரம்பரைக் குறையினாற் பழுதுற்றால், சவ்வு சிறிது சிறிதாக உதிர்கின்றது. உள்ளிருக்கும் பொருளோ அவ்வளவாகக் குறைவதில்லை. பெரிய சாக்கிற் கட்டவேண்டிய நெல்லைச் சிறிய சாக்கில் அடைத்தாற்போலக் கலம் உருண்டையாகின்றது. உருண்டை நெளியாது, ஆகவே மண்ணீரலில் அகப்பட்டு அழிகின்றது. அழிந்த கலங்களின் நிறப்பொருளே கண்ணை மஞ்சளாக்குவது. பித்தக்கல்லாகத் திரள்வதும் அதுவே. வட ஐரோப்பியரிடையே ஏறக்குறைய 2000 பேருக்கு ஒருவரிடம் காணப்படும் இந்நோய், பெரும்பாலும் பெற்றோருள் ஒருவரிடமிருந்து பிள்ளைக்கு வருகின்றது.

1871 இல் பெல்சியத்து வைத்தியர்களான வன்லேரும் மாசியசும் இந்நோயை முதன்முதல் விவரித்தனர். 1900 இல் மின்கோவ்சுகி இது குடும்பவழி வருவதை எடுத்துக்காட்டினார். ஆயினும் நோயைக் கையோடு பிடிக்கும் வழியைக் காட்டியவர், 1907 இல், பிரான்சு நாட்டின் சோபார் என்பவரே.

அவர் வழிவந்த சோதனை மிக எளியது. நூற்றுக்கு 0.9 பங்கு உப்புள்ள நீரிற் செங்கலங்கள் ஊறின்றி இருக்கும். உப்பைப் படிப்படியாகக் குறைத்து வரிசையாகக் குழாய்களை வைத்து, ஒவ்வொன்றிலும் சிறிது குருதியை இடுவர். உப்புக் குறையக் குறையப் பிரசாரணத்தினால் நீர் கலத்தினுட் புகும். தட்டுருக் கலத்திற்கு ஊதிப்பெருக்க இடமுண்டு, 0.5 அளவிற்குச் சற்றுக் கீழே சென்ற பின்னரே அது வெடிக்கத் தொடங்கும். முன்பே உருண்டையானதற்கு அவ்விடமில்லை. ஆகையால் அதற்கு மேற்பட்ட அளவிலேயே வெடித்துத் தெளிநீரைச் செந்நீராக்கிவிடும். குருதியை 37 பாகை சதமவெப்பத்தில் 24 மணிநேரம் வைத்திருந்து சோதித்தால் மெல்லிய குறையும் வெளிப்படும்.

ஆனால் செந்நீரைக் கண்டவுடன் தீர்ப்புக் கூறிவிடலாகாது. உடல் தன் கலங்களையே பகைத்து அழிக்கும் வேறொரு நோயிலும் உருண்டைக் கலங்கள் தோன்றும்; அதனைப் பிரித்தறிய 1945 இல் கூம்சும் அவர்தம் துணைவரும் வகுத்த சோதனை உதவுகின்றது. மறுபுறம், இரும்புச்சத்துக் குறைவு உள்ளவரிடத்து உப்புநீர்ச் சோதனை உண்மையை மறைக்கவுங் கூடும். எனவே வைத்தியர் நுணுக்குக்காட்டியிற் கலங்களின் உருவத்தையும், குடும்ப வரலாற்றையும் சேர்த்தே நோக்குவர். 2000 ஆம் ஆண்டில் வேறொரு முறையும் வந்தது. ஈயோசின் சாயமொன்று கலத்தின் வெளிப்புறப் புரதத்தோடு ஒட்டும். புரதம் குறைந்த கலம் மங்கலாக ஒளிரும். அவ்வொளியைக் கருவியால் அளந்து சில மணிநேரத்தில் விடை காணலாம்.

இத்தனை நுணுக்கம் எதற்கு? நோய் கடுமையாயின் மண்ணீரலை அகற்றுவதுண்டு. உருண்டைக்கல நோயில் அதனாற் பெரும்பயன் விளையும். அதனையும் பெரும்பாலும் ஆறு வயது கடந்த பின்னர், கிருமிகளுக்கெதிரான தடுப்பூசிகளை முன்னரே இட்டுச் செய்தல் முறை. ஆனால் கலத்தினுள் நீரும் உப்பும் நிலைதவறும் வேறொரு சவ்வுநோயில், மண்ணீரலை அகற்றினால் நாளங்களிற் குருதி உறைந்து உயிருக்கே கேடு நேரலாம். அந்நோயின் ஒரு வகையிற் செங்கலங்கள் உப்புநீரில் எளிதில் வெடியாமல், வழமைக்கு மாறாகத் தாக்குப்பிடிக்கும். கத்தியை எடுக்குமுன் குழாயைப் பார்க்கவேண்டிய காரணம் இதுதான்.

இன்னொன்றையும் பெற்றோர் அறிந்திருத்தல் நன்று. பாவோ வைரசுத் தொற்று ஒன்று, கலங்களை உண்டாக்கும் என்பு மச்சையைச் சில நாட்களுக்கு நிறுத்திவிடும். ஏனையோர் இதனை உணர்வதே அரிது. இந்நோயுள்ள குழந்தையோ விரைவில் வெளிறிச் சோர்ந்துவிடும். அப்பொழுது கண் முன்னிலும் மஞ்சளிக்கவில்லையே என்று ஆறுதல் கொள்ளாது ஆசுபத்திரிக்கு எடுத்துச்செல்லுதல் வேண்டும். அங்கே குருதி ஏற்ற நேருமாயின், கூடுமானால் சோதனைக்குரிய குருதியை முன்னரே எடுத்துவைத்தல் நன்று. ஏற்றிய பின் குழாயில் இருப்பவற்றுட் பல கொடையாளியின் கலங்களே. அவை நலமாயிருப்பதைக் கண்டு, குழந்தையும் நலமென்று எண்ணிவிட இடமுண்டு.