ஒரு சொல், இரு பொருள்: ‘ஃபிக்ஸ்சர்’ பற்றிய ஆய்வும் தமிழ் வழக்கும் – ரொறன்ரோச் சான்றுகளை முன்வைத்து

‘ஃபிக்ஸ்சர்’ என்னும் ஆங்கிலச் சொல் தொழிற்சாலையிலும் கட்டடத்திலும் ஒருங்கே வழங்குகின்றது. ஆயின் அது சுட்டும் பொருள் இரண்டிடத்தும் ஏறத்தாழ எதிரெதிரானது. தொழிற்சாலையில் அது, வேலைப்பொருளை வேலை முடியும்வரை மட்டும் உரிய இடத்தில் வைத்திருந்து பின்னர் விட்டுவிடும் சாதனம். கட்டடத்தில் அது, சுவரோடோ தரையோடோ பிணைக்கப்பட்டு அங்கேயே தங்கிவிடும் விளக்கு, கழுவுதொட்டி, நீர்க்குழாய் போன்ற பொருள். தமிழில் இரண்டையும் ‘பொருத்தி’ என்று எழுதிவிடுவது எளிது. அவ்வாறு எழுதினால் எவை மறைகின்றன என்பதை ரொறன்ரோ வட்டாரத்தின் இரு சான்றுகள் காட்டுகின்றன.

முதலில் தொழிற்சாலை. கட்டற்ற திண்பொருள் மூன்று அச்சுகளின் வழியே நகரவும், அவற்றைச் சுற்றித் திரும்பவும் வல்லது. ஆக ஆறு வகை இயக்கம். அடியில் மூன்று, ஒரு பக்கத்தில் இரண்டு, அதற்குச் செங்குத்தான பக்கத்தில் ஒன்று என ஆறு தாங்குபுள்ளிகள் அமைந்தால், எத்தனை முறை எடுத்து வைத்தாலும் பொருள் அதே இடத்தில் அமரும். அடியில் நான்காவது புள்ளியைச் சேர்ப்பது பாதுகாப்பாகத் தோன்றலாம். ஆயின் முக்காலி ஆடாத தரையில் நாற்காலி ஆடுவதை வீட்டிலேயே காணலாம். இருத்துதல் வேறு, இறுக்குதல் வேறு என்பதே இத்துறையின் அடிப்படைப் பாடம். மெல்லிய தகட்டை மிகையாக இறுக்கினால் அது வளைந்த நிலையிலேயே கடையப்பட்டு, விடுவித்ததும் மீண்டெழுந்து அளவு பிழைக்கும். தாங்குபுள்ளிகளை எங்கே வைப்பது, எவ்வளவு விசையில் இறுக்குவது என்னும் இரு வினாக்களையே இத்துறை ஆய்வுகளின் பெரும்பகுதி சுற்றிவருகின்றது. வெட்டுகருவிக்கும் வழிகாட்டும் சாதனம் ‘ஜிக்’ எனப்படும். விமானத் தொழிலில் இவ்வேறுபாடு எப்போதும் பேணப்படுவதில்லை. பெருஞ்சட்டங்கள் பலவும் அங்கே ‘ஜிக்’ என்றே வழங்குகின்றன.

ரொறன்ரோவை அடுத்த மோல்ற்றனில் அவ்ரோ கனடா நிறுவனம் உருவாக்கிய சிஎஃப்-105 ‘ஏரோ’ போர்விமானம் இங்கு கருதத்தக்கது. புதிய விமானம் ஒன்றைக் கையால் ஓரிரு முன்மாதிரிகள் செய்து பறக்கவிட்டு, பிழை திருத்திய பின்னரே உற்பத்திச் சட்டங்களை அமைப்பது அந்நாளைய வழக்கம். அவ்ரோ இதனைக் கைவிட்டு, ‘குக்-கிரேகி’ எனப்பட்ட முறைப்படி முதல் விமானத்தையே உற்பத்திச் சட்டங்களில் கட்டியது. வடிவமைப்புப் பிழை தோன்றினால் விலை மிக்க சட்டங்களையே மாற்ற நேரும். எனவே இது துணிச்சலான முடிவு. முதல் விமானம் 1957 ஒக்ரோபர் 4 அன்று காட்சிக்கு வந்தது. 1958 மார்ச் 25 அன்று பறந்தது. 1959 பெப்ரவரி 20 அன்று கனடிய அரசு திட்டத்தை இரத்துச் செய்தது. அவ்ரோவில் மட்டும் 14,000-க்கு மேற்பட்டோர் வேலையிழந்தனர். பின்னர் விமானங்களோடு அவற்றின் கருவிச் சட்டங்களும் உடைக்கப்பட்டன.

விமானங்களின் அழிவையே பலரும் பேசுவர். தொழில்நுட்ப நோக்கில் சட்டங்களின் அழிவே பெரிது. வரைபடம் அளவைச் சொல்லும். அந்த அளவில் மீண்டும் மீண்டும் செய்யும் ஆற்றல் சட்டத்தில் இருந்தது. சில வரைபடங்கள் தப்பின. ஆறாவது விமானத்தின் முன்பகுதி ஒட்டாவா அருங்காட்சியகத்தில் உள்ளது. இவற்றைக் கொண்டு ஏரோவை விளக்கலாம். உற்பத்தி செய்தல் இயலாது.

சுவாமிமலைச் சிற்பியரின் முறை இதற்கு நேர்மாறு. அங்கே படிமத்தின் உயரத்திற்கு நறுக்கி மடித்த தென்னோலையாகிய ஒடியோலை அளவைத் தாங்குகின்றது. மெழுகு உருகி வெளியேறும். மண் அச்சு ஒவ்வொரு வார்ப்பிற்கும் உடையும். அச்சு உடைவது அத்தொழிலுக்கு இழப்பன்று. அறிவு கையிலும் ஓலையிலும் எஞ்சுகின்றது.

கட்டடத்துப் பொருளில் வினா வேறு: பொருத்தப்பட்டது யாருக்குரியது? ஈட்டன் பல்பொருள் அங்காடி நிறுவனம் ஒரு தரப்பாயிருந்த 1902-ஆம் ஆண்டு வழக்கொன்றில் ஒன்ராறியோ நீதிமன்றம் வகுத்த விதிகள் இன்றும் எடுத்தாளப்படுகின்றன. தன் எடையால் மட்டும் நிற்கும் பொருள் நிலத்தின் பகுதியன்று எனவும், சிறிதளவேனும் பிணைக்கப்பட்டது நிலத்தின் பகுதி எனவும் முதலில் கொள்ளப்படும். பிணைப்பின் அளவும் நோக்கமும் இக்கோளை மாற்றலாம். ஆயின் அவை காண்போர்க்குப் புலனாக வேண்டும், பொருத்தியவர் மனத்துள் கொண்ட எண்ணம் போதாது. வணிகத்திற்காக வாடகைக்காரர் பொருத்தியவற்றைக் கழற்றிச் செல்லும் உரிமை தனியே ஏற்கப்பட்டது. ஸ்காபரோவில் வாடகைக் கடை நடத்தும் தமிழ் வணிகர்க்கு அலுமாரித் தட்டுகளைப் பற்றிய இவ்விதி வெறும் ஏட்டுச் செய்தியன்று. இந்தியச் சொத்து மாற்றச் சட்டமும் (1882) வாடகைக்காரர் தாம் பிணைத்தவற்றை அகற்ற இடமளிக்கின்றது. பெற்ற நிலையிலேயே சொத்தை விட்டுச் செல்லவேண்டும் என்பது நிபந்தனை.

ஒன்ராறியோவில் வழக்கமாகப் பயன்படும் வீட்டு விற்பனைப் படிவத்தில் அசையும் பொருள்களில் ‘சேர்க்கப்படுவன’, பிணைபொருள்களில் ‘விலக்கப்படுவன’ என இரு பட்டியல்கள் உண்டு. முன்னவை எழுதினாலன்றி வாங்குபவரைச் சேரா. பின்னவை எழுதி விலக்கினாலன்றி அவரையே சேரும். இரண்டையும் ‘தளபாடம்’ என மொழிபெயர்த்தால் படிவத்தின் தருக்கமே தலைகீழாகும். வாடகைப் பொருள்களுக்கு மூன்றாவது இடமும் உண்டு. குழாய்களோடு இணைந்து நிற்கும் சுடுநீர்க் கொள்கலன் பல வீடுகளில் வாடகைக்கு எடுக்கப்பட்டதாகவே இருக்கும்.

ஆகவே கட்டடத்திற்கு ‘பிணைபொருள்’ எனவும், தொழிற்சாலைக்கு ‘இருத்துசட்டம்’ எனவும் இரு சொற்களை வேறாக ஆள்வது தகும். தாங்குபுள்ளியை ‘இருத்தி’ எனவும், இறுக்கும் உறுப்பை ‘இறுக்கி’ எனவும் பிரித்தால் மேற்சொன்ன அடிப்படைப் பாடம் சொல்லிலேயே அமையும். பட்டறையில் ‘ஜிக்’, ‘ஃபிக்ஸ்சர்’, ‘கிளாம்ப்’ என்றே வழங்குவோரைத் திருத்த வேண்டியதில்லை. அவர்கள் அவற்றைக் குழப்பிக்கொள்வதில்லை. குழப்பம் நேரக்கூடிய இடங்கள் கலைச்சொற்பட்டியலும் உடன்படிக்கைப் படிவமுமே.