மின்சிக்கனம் மொட்டை மாடியில் தொடங்குகிறது

அக்னி நட்சத்திரக் காலத்தில் மேல்மாடி வீட்டில் படுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இரவு பத்து மணிக்கும் ஃபேன் அனலைத்தான் வாரி இறைக்கும். பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட் தளம், அந்தச் சூட்டை இரவில் அறைக்குள் இறக்குகிறது. ஏசி போட்டாலும் அது முதலில் மல்லுக்கட்டுவது இந்தத் தளத்தோடுதான். கரண்ட் பில் குறைய வேண்டுமென்றால், முதல் வேலை மொட்டை மாடியில் இருக்கிறது.

வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பும். மாடியில் சுண்ணாம்பு அடித்தால் தளம் சூடேறுவது குறையும். மழையில் கரைவதால் ஆண்டுதோறும் அடிக்க வேண்டும், அவ்வளவுதான். தெலங்கானா அரசு இதற்கென்றே 2023-இல் ‘குளிர் கூரை’க் கொள்கை வகுத்தது. மேற்குப் பார்த்த ஜன்னலுக்கும் இதே கணக்குதான். வெயில் கண்ணாடியைத் தாண்டிவிட்டால் திரைச்சீலையால் பெரிய பயனில்லை. தென்னங்கீற்றோ பச்சை வலையோ எதுவானாலும் வெளிப்பக்கம் கட்ட வேண்டும்.

அடுத்தது ஃபேன். சாதாரண ஃபேன் சுமார் 75 வாட் இழுக்கும். பிரஷ் இல்லாத டி.சி. மோட்டார் கொண்ட பி.எல்.டி.சி. ஃபேனுக்கு 30 வாட் அளவே போதும். தினம் 16 மணி நேரம் ஓடினால், இரண்டு மாதத்தில் முன்னது 72 யூனிட், பின்னது 29 யூனிட். மூன்று ஃபேன் ஓடும் வீட்டில் 129 யூனிட் மிச்சம்!

இந்த மிச்சம் எவ்வளவு பெரியது என்பது தமிழக மின்கட்டணத்தைப் பார்த்தால் புரியும். 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி, இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடிய வீட்டுக்கு 1,725 ரூபாய் ஆனது. 510 யூனிட் ஓடியிருந்தால் 2,030 ரூபாய். பத்தே யூனிட்டுக்கு 305 ரூபாய் கூடுதல்! 500-ஐத் தாண்டியதும் 101 முதல் 200 யூனிட் வரைக்கான சலுகை விலையும் போய்விட்டதே காரணம். கோடையில் பல வீடுகள் வழுக்கி விழும் இடம் இதுதான்.

அடுத்தது ஏசி. அதை 18 டிகிரியில் வைத்தால் அறை சீக்கிரம் குளிரும் என்ற நம்பிக்கை தவறு. சாதாரண ஏசியில் கம்ப்ரஸர் அதே வேகத்தில்தான் ஓடும்; கூடுதல் நேரம் ஓடும், அவ்வளவே. ஒவ்வொரு டிகிரி கூட்டும்போதும் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு. 2020 முதல் ஸ்டார் முத்திரை பெற்ற ஏசிகள் 24 டிகிரியில் தொடங்கும்படி விதியே உண்டு. 26-இல் வைத்து, கூடவே ஃபேனை மெதுவாக ஓடவிட்டால் உடம்புக்கு இதமாக இருக்கும். தூசி படிந்த ஃபில்டரையும் கழுவிவிட வேண்டும்.

சித்திரை பிறப்பதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடியைக் கூட்டிக் கழுவி, சுண்ணாம்பு அடித்துவிடுங்கள்.