ஒரு மணி நேர அழகுக்கு ஒன்பது மணி நேரப் பயணம்!

லாஸ் வேகாஸ் என்றதும் கேசினோவும் கண்ணைப் பறிக்கும் விளக்குகளும்தான் நினைவுக்கு வரும். ஆனால், அந்த விளக்குகள் அணைவதற்கு முன்பே, விடியற்காலையில் ஹோட்டல் வாசல்களில் சுற்றுலா வேன்கள் வந்து நிற்க ஆரம்பித்துவிடும். தூக்கக் கலக்கத்தோடு ஏறுகிறவர்களில் பலர் போவது, அரிசோனா மாநிலத்தின் பேஜ் என்ற சிற்றூரை ஒட்டியுள்ள ஆன்டலோப் கேன்யனுக்கும் ஹார்ஸ்ஷூ பெண்டுக்கும்.

போக சுமார் 440 கிலோமீட்டர். வர அதே 440. ஆக, ஒன்பது மணி நேரம் வண்டியிலேயே கழிந்துவிடும். பாறைப் பிளவுக்குள் நிற்கப்போவதோ ஏறக்குறைய ஒரு மணி நேரம். ‘இதுக்காக இவ்வளவு தூரமா?’ என்று, பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போன அப்பா, அம்மாக்கள் கேட்பது நியாயம்தான். என்னைக் கேட்டால், போகலாம் என்பேன். முழங்கால் ஒத்துழைக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் ஒரு வேடிக்கையைச் சொல்லிவிடுகிறேன். வேன் நெவாடாவில் கிளம்பி, அரிசோனாவின் ஒரு மூலையைத் தொட்டு, யூட்டாவுக்குள் போய், மறுபடி அரிசோனாவுக்கு வரும். கோடைக்காலத்தில் யூட்டா ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். அரிசோனாவில் கடிகாரத்தை மாற்றுவதே இல்லை. அதே அரிசோனாவுக்குள் இருக்கும் நவஹோ பழங்குடியினரின் நிலத்திலோ மாற்றுகிறார்கள்! உங்கள் செல்போன் எந்த டவரைப் பிடிக்கிறதோ, அந்த நேரத்தைக் காட்டும். ‘இத்தனை மணிக்கு வண்டிக்கு வந்துவிடுங்கள்’ என்று வழிகாட்டி சொன்னால், எந்த ஊர் நேரம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆன்டலோப் கேன்யன் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே இல்லை. வெறும் மணல், ஒரு விரிசல். உள்ளே நுழைந்தால், பட்டுத் துணியை மடித்து மடித்துத் தொங்கவிட்டதுபோல பாறைச் சுவர்கள். மேலே இருக்கும் குறுகலான திறப்பு வழியே வரும் வெயில், சுவரில் பட்டுப் பட்டு இறங்கும்போது மஞ்சளாகி, ஆரஞ்சாகி, அடியில் ஊதாவாகிவிடுகிறது. சுமார் 19 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே இருந்த மணல் மேடுகள்தான் இறுகிப் பாறையாகியிருக்கின்றன. அந்தப் பாறையை இப்படி இழைத்தது, மழை வெள்ளமும் அது அடித்துவந்த மணலும். ‘பாறைகளின் ஊடே தண்ணீர் ஓடும் இடம்’ என்பதுதான் மேல் பள்ளத்தாக்குக்கு நவஹோ மொழியில் உள்ள பெயர்.

அந்தத் தண்ணீர் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. 1997 ஆகஸ்ட் 12 அன்று கீழ்ப் பள்ளத்தாக்கில் பாய்ந்த திடீர் வெள்ளத்தில் 11 சுற்றுலாப் பயணிகள் இறந்துபோனார்கள். அவர்கள் நின்ற இடத்தில் சொல்லும்படியாக மழையே இல்லை. சில கிலோமீட்டர் தள்ளி, மேட்டுப் பகுதியில் இடியோடு கொட்டிய மழை, விரிசலைத் தேடிக்கொண்டு வந்துவிட்டது. அப்போது இருந்த மர ஏணிகளையும் அது அடித்துக்கொண்டு போனது. இப்போது பாறையில் முடுக்கிய இரும்பு ஏணிகள், வானிலை வானொலி, அபாய ஒலிப்பான் எல்லாம் இருக்கின்றன. நவஹோ அனுமதி பெற்ற வழிகாட்டி இல்லாமல் யாரும் உள்ளே போக முடியாது. லாஸ் வேகாஸிலிருந்து உங்களை அழைத்துவரும் நிறுவனமும் வாசலில் அவர்களிடம்தான் ஒப்படைக்க வேண்டும்.

ஜூலை முதல் செப்டம்பர் வரை அங்கே இடிமழைக் காலம். நான்கரை மணி நேரம் பயணம் செய்து போய் இறங்கினால், ‘இன்று மூடியாச்சு’ என்பார்கள். தலைக்கு மேலே வானம் நீலமாகத்தான் இருக்கும். சண்டைக்குப் போகாதீர்கள். அப்படி நடந்தால் பணம் திரும்பக் கிடைக்குமா, வேறு எங்கே கூட்டிப்போவார்கள் என்பதை முன்பதிவு செய்யும்போதே கேட்டு வைப்பதுதான் புத்திசாலித்தனம்.

மேல், கீழ் என இரண்டு பள்ளத்தாக்குகளில் எதற்கு அழைத்துப்போகிறார்கள் என்பதையும் கேளுங்கள். மேல் பள்ளத்தாக்கில் தரைமட்டத்திலேயே நுழையலாம்; திரும்பும்போதுதான் படிகள். கோடை நண்பகலில் மேலிருந்து தூண்போல ஒளி இறங்குவது இங்கேதான். அதனால் கட்டணமும் கூடுதல். கீழ்ப் பள்ளத்தாக்கு இன்னும் குறுகல், செங்குத்தான ஏணிகள் உண்டு. மூட்டுவலிக்காரர்களுக்கு வேண்டாம்.

பை, செல்ஃபி ஸ்டிக், முக்காலி எதற்கும் அனுமதியில்லை. செல்போன் போதும். எந்த மூலையில் நின்று, எந்தப் பக்கம் திருப்பினால் படம் நன்றாக வரும் என்று வழிகாட்டிகளே காட்டுவார்கள். இங்கே எடுத்த ஒரு படத்தை 2014-ல் 65 லட்சம் டாலருக்கு விற்றதாக பீட்டர் லிக் என்ற புகைப்படக் கலைஞரின் தரப்பு அறிவித்தது. உங்கள் படம் வீட்டு வாட்ஸ்அப் குழுவில் நல்ல பெயர் வாங்கும்.

அடுத்தது ஹார்ஸ்ஷூ பெண்ட். கொலராடோ ஆறு குதிரை லாடம்போல வளைந்து ஓடுவதை, சுமார் 300 மீட்டர் உயரத்திலிருந்து பார்க்கலாம். வாகன நிறுத்தத்திலிருந்து போக, வர சுமார் இரண்டரை கிலோமீட்டர் நடை. நிழல் அரிது. தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் கட்டாயம். கைப்பிடிக் கம்பி ஒரு சிறு பகுதியில் மட்டுமே இருக்கிறது. படத்துக்காக விளிம்புக்குப் போய் விழுந்து இறந்தவர்கள் உண்டு. குழந்தைகளின் கையை விடவே விடாதீர்கள்.

கீழே ஆறு பச்சையாகத் தெரியும். கொலராடோ என்ற ஸ்பானியச் சொல்லுக்குச் செந்நிறம் என்று பொருள். பெயருக்கேற்பச் செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு ஓடிய ஆறுதான் இது. சற்று மேலே கட்டப்பட்ட கிளென் கேன்யன் அணை, வண்டலையெல்லாம் நிறுத்திக்கொண்டு தெளிந்த நீரை மட்டும் அனுப்புகிறது. பேஜ் ஊரே அந்த அணையைக் கட்டவந்த தொழிலாளர்களுக்காக 1957-ல் உருவானதுதான். அணைக்குப் பின்னால் தேங்கி நிற்கும் பவல் ஏரியின் அடியில், ஆன்டலோப் போன்ற பாறைப் பிளவுகள் பல மூழ்கிக் கிடக்கின்றன. திரும்பும் வழியில் வேன் அந்த அணைப் பாலத்தைக் கடந்துதான் போகும். அதற்குள் பலரும் தூங்கிவிடுவார்கள். ஒரு ஐந்து நிமிடம் மட்டும் விழித்திருந்து, ஜன்னல் வழியே பாருங்கள்.