முகப்பு விளக்கு: ஒளி கூடினால் பார்வை கூடுமா?

விளக்குக் கம்பங்கள் இல்லாத சாலையில், இரவில் சைக்கிளில் சென்றிருக்கிறீர்களா? எதிரே ஒரு கார் வருகிறது. கண் கூசுகிறது. கார் கடந்து சென்ற பிறகும் சில விநாடிகளுக்குச் சாலை தெரிவதில்லை. சைக்கிளை விட்டு இறங்கி ஓரமாக நிற்கத்தான் தோன்றும். சைக்கிள்காரர் இறங்கி நின்றுவிடலாம். எதிரே வேறொரு வண்டி ஓட்டி வருபவர் என்ன செய்வார்? மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி 3 விநாடிகளில் 50 மீட்டர் போய்விடும். அந்த 50 மீட்டரில் ஒரு மாட்டு வண்டியோ, சாலையைக் கடக்கும் ஒரு பெரியவரோ இருந்தால், அவர்களை அவர் காணவே மாட்டார்.

சென்ற தீபாவளிக்கு என் தமக்கை வீட்டிற்குப் போயிருந்தேன். அவர் மகன் பழைய கார் ஒன்றை வாங்கியிருந்தான். அதன் ஹாலஜன் பல்புகளைக் கழற்றிவிட்டு, கடையில் பெட்டியாக விற்கும் செனான் விளக்குகளைப் பொருத்தியிருந்தான். “ராத்திரி ஒரு ரவுண்டு போய்ப் பார்க்கலாம், வாங்க மாமா. பகல் மாதிரி இருக்கும்” என்றான்.

போனோம். காருக்கு முன்னால் பகல் போலத்தான் இருந்தது. ஆனால் எதிரே வந்த லாரிக்காரர் தம் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டு எச்சரித்தார். குழந்தையை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர், ஒரு கையால் கண்ணை மறைத்தபடி மண் ஓரத்தில் இறங்கிவிட்டார். இன்னும் ஓரடி தள்ளியிருந்தால் பள்ளம். “டிம்லதானே மாமா வச்சிருக்கேன்? ஏன் எல்லாரும் இப்படிப் பண்றாங்க?” என்று கேட்டான். நல்ல கேள்வி. இதற்கு விடை காண, முதலில் இவ்விரு விளக்குகளும் எவ்வாறு ஒளி தருகின்றன என்று பார்ப்போம்.

ஹாலஜன் விளக்கு, நம் வீடுகளில் முன்பு எரிந்த குண்டு பல்பின் தம்பிதான். டங்ஸ்டன் இழையில் மின்னோட்டம் பாய்கிறது. இழை வெண்மையாகக் காய்ந்து ஒளிர்கிறது. சூடு ஏற ஏற ஒளி மிகும். ஆனால் டங்ஸ்டன் ஆவியாவதும் மிகும். ஆவியான உலோகம் கண்ணாடியின் உட்புறத்தில் கரியாகப் படியும். இழை மெலிந்து அறுந்துபோகும். குமிழினுள் சிறிதளவு அயோடின் அல்லது புரோமின் சேர்த்தால் இதைத் தடுக்கலாம். ஆவியான டங்ஸ்டன், குமிழின் சுவரருகே ஹாலஜனுடன் கூடிச் சேர்மமாகிறது. அச்சேர்மம் சுற்றிச் சுழன்று சூடான இழையை அடைந்ததும் சிதைகிறது. டங்ஸ்டன் இழைப் பகுதியிலேயே திரும்பப் படிகிறது. இந்தச் சுழற்சி நடைபெறக் குமிழின் சுவர் சுமார் 250 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக இருக்க வேண்டும். எனவேதான் ஹாலஜன் குமிழ் அவ்வளவு சிறியது, குவார்ட்சால் ஆனது. அதை வெறும் விரலால் தொடக்கூடாது என்று மெக்கானிக்குகள் சொல்வதும் சரியே. விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடத்தில் குவார்ட்சு பழுதடையும்.

அயோடின் சேர்த்த இத்தகைய விளக்குக்கு அமெரிக்காவில் 1959-இல் காப்புரிமை வழங்கப்பட்டது. 1962-இல் ஐரோப்பியக் கார்களில் ஹாலஜன் முகப்பு விளக்கு வந்தது. டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு இழைகள் கொண்ட ‘எச்-4’ பல்பு 1971-இல் வந்தது. நம் நாட்டுக் கார்களில் மிகுதியாகக் காணப்படுவது இதுதான். என் மருமகன் கழற்றி வைத்திருந்ததும் இதுவே.

செனான் விளக்கில் இழையே கிடையாது. இரு மின்முனைகளுக்கிடையே, 4 மில்லிமீட்டர் சொச்சம் இடைவெளியில், ஒரு மின்வில் எரிகிறது. செனான் என்பது 1898-இல் ராம்சேயும் டிராவர்சும் கண்டுபிடித்த மந்த வாயு. காற்றில் ஒரு கோடியில் ஒரு பங்குகூட இல்லாத அந்த வாயுவுக்கு, ‘அந்நியன்’ என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லைப் பெயராக வைத்தார்கள். திரையரங்குகளில் கரிமுனை வில்விளக்குகளுக்குப் பின் வந்த செனான் விளக்குகளில் ஒளி தருவது முழுக்க முழுக்க இந்த வாயுதான். கார் விளக்கில் அப்படியன்று. மின்கலத்தின் 12 வோல்ட்டை ஒரு சிறு மின்னணுப் பெட்டி சுமார் 20,000 வோல்ட்டாக உயர்த்தி முதல் பொறியைக் கிளப்புகிறது. செனான் உடனே ஒளிரத் தொடங்குகிறது. அந்தச் சூட்டில் குமிழிலுள்ள சோடியம், ஸ்காண்டியம் போன்ற உலோகங்களின் உப்புகள் ஆவியாகின்றன. பிறகு பெரும்பகுதி ஒளியைத் தருபவை அவைதாம். செனானைத் தீக்குச்சி என்றும், உப்புகளை விறகு என்றும் சொல்லலாம். முழு ஒளி வரச் சில விநாடிகள் ஆவது இதனால்தான். இவ்வகை விளக்கு 1991-இல் பி.எம்.டபிள்யூ. கார் ஒன்றில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது.

ஒளியின் அளவை லூமென் என்னும் அலகால் குறிக்கிறோம். எச்-4 பல்பின் டிம் இழை 55 வாட் திறனில் சுமார் 1000 லூமென் தருகிறது; அதாவது வாட்டுக்கு 18 லூமென். கார்களுக்கென முறையாகச் செய்யப்படும் செனான் விளக்கு 35 வாட்டில் சுமார் 3200 லூமென் தருகிறது, வாட்டுக்கு 91! ஹாலஜன் இழையின் ஆற்றலில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராகப் போய்விடுவதே காரணம். இந்தக் கணக்கை மட்டும் பார்த்தால் என் மருமகன் செய்தது புத்திசாலித்தனம்தான். குறைந்த மின்சாரம், மூன்று மடங்கு ஒளி.

ஆனால் முகப்பு விளக்கு என்பது பல்பு மட்டுமன்று. அதன் பின்னாலுள்ள ஆடியும் சேர்ந்ததே விளக்கு.

உங்கள் தாத்தா வீட்டுப் பரணில் பழைய பித்தளை டார்ச் இருந்தால் எடுத்துப் பாருங்கள். அதன் தலையைத் திருகினால் ஒளி ஒரு புள்ளியாகக் குவியும். மறுபக்கம் திருகினால் அகன்று பரவும். பல்பின் இழை, பரவளைவு ஆடியின் குவியத்திலிருந்து ஓரிரு மில்லிமீட்டர் நகர்வதால் வரும் மாற்றம் அது. கார் விளக்கிலும் இதே பாடம்தான். எச்-4 பல்பின் பிரைட் இழை குவியத்தில் அமைந்திருக்கிறது. எனவே கதிர்கள் ஏறக்குறைய இணையாக நெடுந்தொலைவு செல்கின்றன. டிம் இழை குவியத்திற்குச் சற்று முன்னால் தள்ளி இருக்கிறது. அங்கிருந்து ஆடியின் மேற்பாதியில் படும் கதிர்கள் எதிரொளித்துக் கீழ்நோக்கிச் செல்லும். அது சாலைக்கு வேண்டிய ஒளி. கீழ்ப்பாதியில் படுபவையோ மேல்நோக்கிச் செல்லும். அது எதிரே வருபவர் கண்ணுக்கு. தாளில் ஒரு பரவளைவை வரைந்து கதிர்களைப் போட்டுப் பாருங்கள், புரிந்துவிடும்.

இரண்டாம் வகைக் கதிர்களை என்ன செய்வது? டிம் இழையின் அடியில், நகக்கண் அளவில், ஓர் உலோகக் கிண்ணத்தை வைத்தார்கள். கீழ்நோக்கிப் போகும் ஒளியை அது மறைத்துவிடும். ஆடியின் கீழ்ப்பாதிக்கு ஒளியே போகாது. கிண்ணத்தின் ஒரு பக்க விளிம்பை மட்டும் 15 பாகை சாய்த்து வைத்தார்கள். அதனால், இடப்புறம் வண்டி ஓட்டும் நம் நாட்டில், சாலையின் இடது ஓரத்தில் நடப்பவர்மேல் மட்டும் ஒளி சற்று உயர ஏறிப் படும். குமிழின் நுனிக்கும் கறுப்புப் பூச்சு உண்டு. ஆடியில் படாமல் நேராக முன்னால் பாயும் ஒளியை அது தடுக்கிறது. இந்தக் குட்டிக் கிண்ணத்தைப் போல எளிய, அழகான அமைப்பை நான் அதிகம் கண்டதில்லை. கழற்றிப் போட்ட பழைய பல்பு கிடைத்தால் அவசியம் பாருங்கள்.

மறுநாள் மாலை ஒரு சோதனை செய்தோம். ஒருபுறம் பழைய ஹாலஜன் பல்பையே திரும்பப் போட்டோம். மறுபுறம் செனான் இருந்தது. பள்ளிக்கூடத்து மதிற்சுவரின் முன் 8 மீட்டர் தொலைவில் காரை நிறுத்தி, ஒரு விளக்கைச் சாக்கால் மறைத்து மற்றதைப் பார்த்தோம். ஹாலஜன் ஒளி சுவரில் கோடு கிழித்தாற்போல் விழுந்தது. கோட்டுக்குக் கீழே வெளிச்சம், மேலே இருட்டு, இடப்பக்கம் மட்டும் சரிவாக ஏறிய ஒரு விளிம்பு. செனானில் அந்தக் கோட்டையே காணோம். சுவர் முழுவதும் வெள்ளை. சுவருக்குப் பின்னாலிருந்த வேப்பமரத்தின் உச்சிக் கிளைவரை வெள்ளை!

பல்பைக் கழற்றிப் பார்த்தேன். அதில் கிண்ணம் இல்லை, நுனியில் கறுப்பும் இல்லை. சில தயாரிப்புகளில் தகடு ஒன்று வைத்திருப்பார்கள். அதுவும் போதாது. இழை என்பது நேரான சுருள். நீளம் முழுவதும் ஒரே சீராக ஒளிர்வது. மின்வில்லோ சூடான வாயு மேலெழுவதால் வில்லாக வளையும். மின்முனைகளின் அருகே மிகப் பிரகாசமாகவும் நடுவில் மங்கலாகவும் இருக்கும். ஒன்றுக்கெனக் கணக்கிட்டு வளைத்த ஆடியில் மற்றொன்றை வைத்தால் ஒளி போக வேண்டிய இடத்துக்குப் போகாது.

அவனை முக்காலியில் உட்கார வைத்தேன். கண்ணின் உயரம் தரையிலிருந்து சுமார் ஒன்றரை மீட்டர், தொலைவு 8 மீட்டர். இந்த எண்களை நான் கற்பிக்கவில்லை. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், அந்த இடத்திலுள்ள கண் கூசாதபடி முகப்பு ஒளி கீழ்நோக்கித் திருப்பப்பட்டிருக்க வேண்டும் என்கின்றன. முதலில் ஹாலஜனைக் காட்டினேன், பேசாமல் இருந்தான். அடுத்துச் செனான். “போதும் மாமா, அணைச்சிடுங்க” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

சரி, ஓட்டுபவருக்காவது நன்மை உண்டா? அதிலும் ஏமாற்றம் இருக்கிறது. சிதறிய ஒளியில் கணிசமான பகுதி காருக்கு முன்னால் பத்துப் பதினைந்து மீட்டருக்குள் கொட்டிக் கிடக்கிறது. கண் அந்த வெளிச்சத்துக்குப் பழகிப் பாவையைச் சுருக்கிக்கொள்கிறது. ஏற்கெனவே 50 மீட்டர் தொலைவிலுள்ள பொருளின் மேல் விழும் ஒளி, 10 மீட்டரில் விழுவதில் 25-இல் ஒரு பங்குதான். சுருங்கிய பாவைக்கு அது இன்னும் மங்கலாகத் தெரியும். ஓட்டுநரோ ‘பகல் போல இருக்கிறது’ என்று மகிழ்ந்து வேகத்தைக் கூட்டுகிறார்! பெட்டியின் மேல் 6000, 8000 என்று போட்டிருக்கும் எண்களும் ஒளியின் அளவல்ல. அவை கெல்வினில் குறித்த நிற வெப்பநிலை. நல்ல செனான் விளக்குக்குச் சுமார் 4200 போதும். அதற்கு மேல் போகப் போக நீலம்தான் கூடும். அதே அளவு ஒளியிலும் கூச்சம் மிகுதியாக உணரப்படும்.

அப்படியானால் செனான் விளக்கே கெட்டதா? இல்லை. தொழிற்சாலையிலேயே செனானுடன் வரும் கார்களில், வில்லின் வடிவத்துக்கேற்ற ஆடியும், ஒளியை வெட்டும் தகடும், பெரும்பாலும் முன்னால் ஒரு குவிவில்லையும் உண்டு. 2000 லூமெனுக்கு மேற்பட்ட டிம் விளக்கானால், பின்னிருக்கையில் ஆட்கள் ஏறிக் காரின் மூக்கு நிமிரும்போது ஒளியைத் தானே தாழ்த்தும் பொறியும், விளக்கின் கண்ணாடியைக் கழுவும் கருவியும் வேண்டும் என்று ஐரோப்பிய விதிகள் கேட்டன. அழுக்குப் படிந்த கண்ணாடியும் ஒளியைச் சிதறடிக்கும் அல்லவா? இன்று புதிய கார்களில் செனானின் இடத்தை எல்.இ.டி. பிடித்துவிட்டது. ஹாலஜன் ஆடியில் எல்.இ.டி. பல்பைச் செருகுபவர்களுக்கும் மேலே சொன்ன ஒளியியல் பொருந்தும்.

நம்மூரில் விளக்கின் நடுவே கறுப்புப் பொட்டு ஒட்டும் வழக்கம் ஒன்று உண்டு. அது ஒளியைக் குறைக்குமே தவிர, ஒளியின் திசையைத் திருப்பாது.

“பழைய பல்பு மங்கலாத்தானே மாமா இருந்துச்சு, அதனாலதானே மாத்தினேன்” என்றான் மருமகன். அதுவும் உண்மையே. பல்லவர் காலத்துக் காரில் பல்பை மட்டும் குறை சொல்வானேன் என்று, எஞ்சினை ஓடவிட்டு வோல்ட்மீட்டரை எடுத்தேன். மின்கலத்தின் முனைகளில் 13.8 வோல்ட். பல்பின் முனைகளில் 12.3 வோல்ட்! மீதி 1.5 வோல்ட், துருப்பிடித்த இணைப்புகளிலும் மெல்லிய ஒயரிலும் சுவிட்சிலும் தொலைந்திருந்தது. இரண்டு பல்புகளுக்கும் சேர்த்துச் சுமார் 9 ஆம்பியர் பாய்ந்தது. ஓம் விதிப்படி வழியிலுள்ள மின்தடை 1.5 ÷ 9, அதாவது ஏறக்குறைய 0.17 ஓம். அற்பமான தடைதான். ஆனால் இழை விளக்கின் ஒளி, மின்னழுத்தத்தின் ஏறத்தாழ 3.4-ஆவது படிக்கு நேர்விகிதத்தில் மாறும். 12.3-ஐ 13.8-ஆல் வகுத்து அந்தப் படிக்கு உயர்த்தினால் 0.68 வரும். மூன்றில் ஒரு பங்கு ஒளி பல்புக்குப் போகும் முன்பே போய்விட்டது.

ஆட்டோ எலெக்ட்ரீஷியன் ஒருவர் தடித்த ஒயரும், ஒரு ஃபியூசும், இரண்டு ரிலேக்களும் போட்டுத் தந்தார். சுவிட்ச் ரிலேயை மட்டும் இயக்கும். பல்புக்கான மின்னோட்டம் மின்கலத்திலிருந்து நேரே போகும். மஞ்சள் பூத்திருந்த பிளாஸ்டிக் மூடியையும் மெருகேற்றினோம். இப்போது பல்பின் முனைகளில் 13.5 வோல்ட். மதிற்சுவரில் மறுபடியும் பார்த்தோம்; அதே கோடு, முன்பைவிடப் பளிச்சென்று. வேப்பமரம் இருட்டில் இருந்தது.

செனான் பெட்டியை என்னிடமே கொடுத்துவிட்டான். வாயுக்களில் மின்னிறக்கம் பற்றிய பாடம் நடத்தும்போது எங்கள் ஆய்வகத்தில் அதை எரித்துக் காட்டுகிறேன். 20,000 வோல்ட் என்பதால் மாணவர்கள் எவரையும் அருகில் வர விடுவதில்லை.