கிறிஸ்துமஸ் பிரியாணிக்குத் தை மாதத்து நெல்

தீபாவளிக்கு எந்த வீட்டில் என்ன பலகாரம் என்று நமக்குத் தெரியும். அதற்கு ஏற்றபடி எள், வெல்லம், கடலை எண்ணெய் எல்லாம் தயாராக வைத்துக்கொள்கிறோம். பொங்கல் நம்ம அறுவடைப் பண்டிகை, சொல்லவே வேண்டாம். கிறிஸ்துமஸ் சமையலைத்தான் இயற்கை விவசாயிகள் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. கேக் கடைக்காரர் பாடு, கறிக்கடைக்காரர் பாடு என்று விட்டுவிடுகிறோம். இத்தனைக்கும் அது தேதி மாறாத பண்டிகை. வருடா வருடம் டிசம்பர் 25. என்ன தேவை, எந்தத் தேதிக்குத் தேவை, யாருக்குத் தேவை என்று மூன்றும் முன்கூட்டியே தெரிந்த சந்தை நமக்கு எத்தனை இருக்கிறது?

நான் வங்கியில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பணியின் கடைசி வருடங்கள் திருவொற்றியூர்ப் பக்கம். வீடு டோல்கேட்டில். ஓய்வுக்குப் பிறகு பொன்னேரிப் பக்கம் நாலு ஏக்கரில் பாரம்பரிய நெல், கொஞ்சம் கடலை, நாட்டுக்கோழி என்று செய்துகொண்டிருக்கிறேன். விளைந்ததை ஞாயிற்றுக்கிழமை டோல்கேட் வீட்டுத் திண்ணையில் வைத்துத்தான் விற்பேன். 2021-இல் டோல்கேட்டுக்கு மெட்ரோ ரயில் வந்த பிறகு ராயபுரம், தண்டையார்பேட்டையிலிருந்தும் ஆட்கள் பையோடு வருகிறார்கள்.

இந்தப் பக்கத்துக் கிறிஸ்துமஸுக்கு ஒரு தனி ருசி உண்டு. ராயபுரம் என்ற பெயரே ராயப்பர், அதாவது புனித பேதுருவின் பெயரால் வந்தது. கடலோரத்தில் மீனவக் கத்தோலிக்கர்கள், 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு முதல் ரயில் ஓடிய காலம் தொட்டு ரயில்வேயை நம்பி வாழ்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள், தொழிற்சாலை வேலைக்காகத் தெற்கத்திச் சீமையிலிருந்து வந்தவர்கள் என்று எல்லாரும் கலந்த இடம். சமையலும் அப்படியே கலந்திருக்கும்.

திண்ணையில் போட்ட பட்டியல்

நவம்பர் கடைசி ஞாயிறு வந்துவிட்டால் என் திண்ணையில் பேச்சு மாறிவிடும். திருவருகைக் காலம் தொடங்குகிற நேரம் அது. "உங்க வீட்டுல இந்த வாட்டி என்னா?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வார்கள். ஒரு வீட்டில் அச்சு முறுக்கும் அதிரசமும். இன்னொரு வீட்டில் கல்கல்லும் சோமாசும். ஆங்கிலோ இந்திய ஆன்ட்டி ஒருவர் தேங்காய்ப்பால் ஊற்றிய மஞ்சள் சோறும் கோலா உருண்டைக் குழம்பும் என்பார். கேக்குக்கு உலர்திராட்சையை அக்டோபரிலேயே ஊறப்போட்டாச்சு என்று இன்னொருவர். பகல் சாப்பாடு பெரும்பாலும் பிரியாணிதான். தினமும் மீன் சாப்பிடுகிற வீட்டில் பண்டிகை என்றால் கறிதானே!

இந்தப் பேச்சில் நான் கவனித்த ஒன்று, அவர்கள் தங்கள் வீட்டுக்கு மட்டும் திட்டம் போடுவதில்லை. பக்கத்து வீட்டுக்குப் போகிற தட்டுக்கும் சேர்த்துத்தான் திட்டம். சைவ வீட்டுக்கு முட்டை சேர்க்காத பலகாரம் தனியாக. பாய் வீட்டுக்கும் பிரியாணி போகணும் என்றால் ஹலால் முறையில் அறுத்த கறி. அதனால்தான் நான் கோழியை அறுத்துக் கொடுப்பதில்லை, உயிரோடு கொடுக்கிறேன். அவரவர் தேவைப்படி அறுத்துக்கொள்கிறார்கள். தட்டைக் கொடுத்து "ஹேப்பி கிறிஸ்மஸ்" சொல்வதுதான் இங்கே வாழ்த்து அட்டை. அந்தத் தட்டு காலியாகத் திரும்பக் கூடாது. குறைந்தபட்சம் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். பொங்கலுக்கும் ரம்ஜானுக்கும் பதில் தட்டு வரும்.

எது நம்மிடம் இருக்கிறது, எது இல்லை

பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பண்டமாகப் பார்க்கலாம்.

அச்சு முறுக்குக்குப் பச்சரிசி மாவு, தேங்காய்ப்பால், முட்டை, கொஞ்சம் எள், பொரிக்க எண்ணெய். சர்க்கரையைத் தவிர எல்லாமே நம்ம பொருள். இலங்கையில் இதே பலகாரத்தைக் கொக்கிஸ் என்று சித்திரைப் புத்தாண்டுக்குச் செய்கிறார்கள். அங்கேயும் அரிசிமாவும் தேங்காய்ப்பாலும்தான். இதற்குத் தூயமல்லிப் பச்சரிசி நன்றாக வருகிறது. மாவு வெள்ளையாக இருப்பதால் பூ பார்க்கவும் அழகாக இருக்கிறது.

பிரியாணிக்குச் சீரகச் சம்பா. நாட்டுக்கோழி, முட்டை, செக்கு எண்ணெய் எல்லாம் நம்மிடமே.

கேக்குக்கு எல்லாமே வெளியிலிருந்து வருகிறது என்று நினைக்க வேண்டாம். 1883-இல் தலச்சேரியில் மாம்பள்ளி பாப்பு என்ற பேக்கரிக்காரர், மர்டாக் பிரவுன் என்ற வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி கேட்டதற்காகச் செய்த கேக்கைத்தான் இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக் என்று சொல்வார்கள். அவர் அதற்கு உள்ளூர் முந்திரிப்பழச் சாராயத்தையும் கதலிப்பழத்தையும் பயன்படுத்தினார் என்பது அந்த ஊரில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. நமக்கும் ஒரு வழி இருக்கிறது. கேக்கில் சிவப்பும் பச்சையுமாகப் போடுகிற டூட்டி ஃப்ரூட்டி வேறொன்றும் இல்லை, பப்பாளிக்காய்தான். ஐப்பசிக் காற்றில் மரம் ஒடிந்து விழுந்தால் காய் வீணாகிறதே என்று வருத்தப்படுகிறோம். தோல் சீவி, சிறு துண்டாக நறுக்கி, வேகவைத்து, சர்க்கரைப் பாகில் ஊறவைத்துக் காயவைத்தால் மாதக்கணக்கில் நிற்கும். நிறத்துக்குப் பீட்ரூட் சாறு போதும். என் துணைவியார் செய்துபார்த்ததில் முதல் வருடமே கையிருப்பு தீர்ந்துவிட்டது.

கல்கல் கதை வேறு. மாவைச் சீப்பிலோ முள்கரண்டியிலோ உருட்டிச் சுருட்டிப் பொரிப்பார்கள். அந்தச் சுருள் நிற்க இழுவை வேண்டும். அரிசிமாவுக்கும் சிறுதானிய மாவுக்கும் அது கிடையாது. பாதிக்குப் பாதி கோதுமை மாவு கலந்தால் வருகிறது, ஆனால் நிறம் மங்கும், கொஞ்சம் கெட்டியாக இருக்கும். இதை அப்படியே சொல்லிவிடுகிறேன். நம்மிடம் இருக்கிறது என்பதற்காக எல்லாப் பலகாரத்துக்கும் வரகையும் சாமையையும் தலையில் கட்டக் கூடாது. பண்டிகை நாளில் பலகாரம் கெட்டுப்போனால் அந்த வீட்டம்மா அடுத்த வருடம் நம்ம பக்கமே திரும்ப மாட்டார்.

25-இலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

நாட்டுக்கோழிச் சேவல் ஒன்றரைக் கிலோ வர ஐந்தரை மாதமாவது ஆகும். அப்படியானால் ஜூலை முதல் வாரம் குஞ்சு கையில் இருக்க வேண்டும். அடைகாக்க 21 நாள். ஆக, ஜூன் பாதியில் அடை வைக்க வேண்டும். ஆனி மாதம் அடை வைக்கும்போதே கிறிஸ்துமஸ் தொடங்கிவிட்டது!

புதினா, கொத்தமல்லி இரண்டும் நம்ம வடமாவட்டங்களில் டிசம்பரில் பெரிய சவால். வடகிழக்குப் பருவமழை நடுவில் வருகிறது. கொத்தமல்லிக்கு நாற்பது நாள் என்றால் நவம்பர் இரண்டாம் வாரம் விதைக்கணும், அடைமழையில் அழுகும். மேட்டுப்பாத்தியும் மேலே மறைப்பும் இருந்தால் மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வாக்குக் கொடுக்காதீர்கள்.

முக்கியமானது நெல். ஆவணியில் விதைத்த சம்பா தையில்தான் அறுவடைக்கு வரும். அதாவது இந்த வருட நெல் கிறிஸ்துமஸுக்கு உதவாது. பிரியாணிக்குப் புது அரிசி குழைந்தும் போகும். பதினொரு மாதம் ஆறிய பழைய நெல்லை அரைத்தால்தான் சோறு ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்கும். ஆகவே டிசம்பர் பிரியாணிக்கான முடிவை முந்தைய தை மாதமே களத்துமேட்டில் எடுத்துவிட வேண்டும்.

இங்கேதான் சிக்கல். தையில் கையில் காசு இருக்காது. அறுவடைக் கூலி, கடன் தவணை எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். மொத்த நெல்லையும் வியாபாரிக்குப் போட்டுவிடத்தான் தோன்றும். நான் எவ்வளவு வைக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 40 வீட்டுக்குத் தலா 3 கிலோ சீரகச் சம்பா என்றால் 120 கிலோ அரிசி. நூறு கிலோ நெல்லுக்கு அறுபது கிலோ அரிசி என்று வைத்தால் 200 கிலோ நெல். தூயமல்லிப் பச்சரிசி தலா ஒரு கிலோ, அதற்கு 67 கிலோ நெல். 75 கிலோ மூட்டையாகப் பார்த்தால் இரண்டும் சேர்ந்து நாலு மூட்டைக்குள் அடங்கிவிடும். நாலே மூட்டை!

அதை வைத்திருக்க என்ன செலவு? பத்தாயிரம் ரூபாய் நெல்லுக்கு 7 சதவீத வட்டி போட்டால் பதினொரு மாதத்துக்குச் சுமார் 640 ரூபாய். காய்ச்சலும் பூச்சிச் சேதமும் சேர்த்து 5 சதவீதம் என்று 500 ரூபாய். மொத்தம் 1,140. தை மாத விலையைவிடப் பன்னிரண்டு சதவீதத்துக்கு மேல் கிடைத்தால் லாபம். இடைத்தரகர் இல்லாமல் அரிசியாக விற்கும்போது இதைவிட நன்றாகவே கிடைக்கிறது.

பெரிய அளவில் இருப்பு வைக்க விரும்புகிறவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. 2007-ஆம் வருடக் கிடங்குச் சட்டப்படி பதிவான கிடங்கில் நெல்லை வைத்து, ரசீதை வங்கியில் காட்டிக் கடன் வாங்கலாம். கிசான் கடன் அட்டை வைத்திருக்கும் சிறு, குறு விவசாயிகளுக்கு அறுவடைக்குப் பின் ஆறு மாதம் வரை வட்டிச் சலுகையும் உண்டு. நாலு மூட்டைக்கு அதெல்லாம் வேண்டாம். பல்லில் கடித்தால் டக்கென்று உடைகிற பதத்துக்குக் காயவைத்து, நொச்சியும் வேப்பிலையும் போட்டுப் பரண் மேல் ஏற்றினால் போதும். அரிசியாக வைக்காதீர்கள், வண்டு விழும். நெல்லாகவே வைத்து, கார்த்திகையில் வெயில் தலைகாட்டுகிற நாளாகப் பார்த்து அரையுங்கள்.

2023 டிசம்பர்

இந்தக் கணக்கு காகிதத்தில் நிற்குமா, களத்தில் நிற்குமா என்று சோதித்தது 2023. டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை. வயலில் சம்பா சாய்ந்து தண்ணீரில் கிடந்தது. புதினா, கொத்தமல்லிப் பாத்தி இருந்த இடமே தெரியவில்லை. பரண் மேல் இருந்த நாலு மூட்டை மட்டும் காய்ந்த நிலையில் பத்திரமாக இருந்தது.

வாங்குகிறவர்கள் நிலைமை அதைவிட மோசம். வெள்ளத்தோடு கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் எண்ணெய்க் கசடு கலந்து படகு, வலை எல்லாம் கறுப்பாகிவிட்டது. பிடித்த மீனையும் வாங்க ஆள் இல்லை. அந்த வருடம் என்னிடம் சொல்லிவைத்திருந்தது 38 வீடு. அதில் 15 வீட்டிலிருந்து, "சார், இந்த வாட்டி வோணாம் சார்" என்று போன் வந்துவிட்டது. பெரும்பாலும் மீனவக் குடும்பங்கள்.

நாங்கள் ஐந்து விவசாயிகள் சேர்ந்துதான் இந்த விற்பனையைச் செய்கிறோம். உட்கார்ந்து பேசினோம். அந்த 15 வீட்டு அரிசியை வியாபாரிக்குப் போட்டால் பாதி விலை. வைத்திருந்தால் தையில் புது நெல் வந்துவிடும். வங்கியில் இருந்தபோது எந்தக் கடனுக்கும் நான் கேட்கிற முதல் கேள்வி, இந்த ஆள் போன தவணை ஒழுங்காகக் கட்டினாரா என்பது. அந்தப் பதினைந்து பேரில் ஒருவர்கூட எங்களுக்கு ஒரு ரூபாய் பாக்கி வைத்ததில்லை. அப்புறம் என்ன யோசனை? பிரியாணி அரிசியை அவர்களே பாதியாகக் குறைத்துக்கொண்டார்கள். பச்சரிசியும் எண்ணெயும் முழு அளவு கொடுத்தோம். பணம் பொங்கலுக்குப் பிறகு என்று நோட்டில் எழுதிக்கொண்டோம்.

22-ஆம் தேதி அரிசியை எடுத்துக்கொண்டு போனபோது ஒரு அக்கா சொன்னார்: "கேக்கு இல்லன்னா பரவால்ல சார். பக்கத்து வூட்டுக்குத் தட்டு போவாம இருந்தாத்தான் மனசு கேக்காது." அந்த வருடம் பல வீட்டில் பிரியாணி இல்லை, வெறும் சோறும் குழம்பும்தான். ஆனால் அச்சு முறுக்கு பொரித்தார்கள், தட்டும் போனது.

பிப்ரவரி முடிவதற்குள் 13 வீட்டார் பணத்தைக் கொடுத்துவிட்டார்கள். மீதி இரண்டு வீட்டில் கருவாடாகக் கொடுத்தார்கள். வாராக்கடன் பூஜ்யம். அடுத்த வருடம் பட்டியல் 46 வீடாக ஆனது. புதிதாக வந்தவர்களை அழைத்துவந்தது பெரும்பாலும் அந்தப் பதினைந்து வீட்டார்தான்.

இப்போது செய்ய வேண்டியது

நஞ்சில்லா உணவு என்று மேடையில் ஆயிரம் முறை சொல்லலாம். ஒரு பண்டிகைப் பலகாரத்தில் நம்ம அரிசி நன்றாக வந்துவிட்டால் அது பத்து வீட்டுக்குத் தட்டில் போய்ச் சேர்கிறது. "எங்க வாங்குனீங்க?" என்ற கேள்வியும் கூடவே வருகிறது. இதைவிட நல்ல விளம்பரம் நமக்குக் கட்டுப்படியாகுமா?

உங்கள் ஊருக்கு அருகில் கிறிஸ்தவக் குடும்பங்கள் இருக்கும் தெரு எங்கேயும் உண்டு. வேளாங்கண்ணியோ தூத்துக்குடியோ நாகர்கோவிலோ, ஊருக்கு ஊர் பலகாரம் மாறும், தேதி மாறாது. இந்த மாதம் பத்து வீட்டில் போய், பண்டிகைக்கு என்ன சமைக்கிறீர்கள், யார் யாருக்குத் தட்டு அனுப்புகிறீர்கள், என்னென்ன எவ்வளவு வாங்குகிறீர்கள் என்று மட்டும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எதையும் விற்க வேண்டாம். ஒரு வாழ்த்துச் சொல்லிவிட்டு வாருங்கள்.

தை பிறந்து களத்தில் நெல் குவியும்போது அந்த நோட்டை எடுத்துப் பாருங்கள். பத்து வீட்டுக்கு ஒரு மூட்டை போதும். வியாபாரி சாக்கோடு வருவதற்கு முன்னால் அந்த ஒரு மூட்டையைக் கட்டித் தனியாக வையுங்கள். மூட்டை மேல் டிசம்பர் என்று எழுத மறக்காதீர்கள்.