தொண்டைக் கரகரப்பும் அமில மாத்திரையும்

காலையில் பல் துலக்கும்போதே தொண்டையைக் கனைத்துக் கனைத்து, ஏதோ ஓர் உருண்டை அங்கே ஒட்டிக்கொண்டிருப்பதுபோல் விழுங்கி விழுங்கிப் பார்த்து, அது உள்ளே இறங்காமலும் வெளியே வராமலும் இருக்கக் கண்டு, சளிதான் என்று மிளகுக் கஷாயத்திலேயே மாதங்களைக் கழித்துவிட்டவர், "வயிற்று அமிலம் மேலே ஏறித் தொண்டையைப் புண்ணாக்குகிறது" என்று மருத்துவர் சொல்லக் கேட்டால், நெஞ்செரிச்சல் என்பதையே அறியாத தமக்கு இது எவ்விதம் நேர்ந்தது என்று திகைக்கவே செய்வார்.

திகைப்புக்குச் சமாதானம் உண்டு. உணவுக்குழாயின் அடியிலும் நுனியிலும் காவலாக அமைந்த இரு வளையத் தசைகளும் தளரும்போது மேலேறும் அமிலத்தை, உணவுக்குழாய் உமிழ்நீராலும் தன் அசைவாலும் கழுவிக்கொள்கிறது. குரல்வளையின் மென்சவ்வுக்கு அத்தகைய பாதுகாப்புக் குறைவாதலால், சிற்றளவே அங்கே அழற்சி உண்டாக்கப் போதுமானது. அமிலத்துடன் வரும் பெப்சின் என்னும் ஜீரணப் பொருளும் இதில் சேர்ந்துகொள்கிறது. அமெரிக்க மருத்துவர் ஜேமி கூஃப்மன் 225 நோயாளிகளை ஆராய்ந்து 1991-இல் வெளியிட்ட நீண்ட கட்டுரைக்குப் பின் இவ்வபிப்பிராயம் வேரூன்றியது. 1988-இல் ஸ்வீடனில் விற்பனைக்கு வந்திருந்த ஓமெப்ரசோலும், அதன் வழியில் வந்த லான்சோப்ரசோல், பாண்டோப்ரசோல் முதலியவையும் இதற்குரிய ஔஷதங்களாக வழங்கலாயின. இரைப்பைச் சுவரில் அமிலத்தைச் சுரக்கும் நுண்ணிய 'பம்பு'களை இவை அடைக்கின்றன. உணவு வரும்போதே அந்தப் பம்புகள் விழித்தெழுகின்றன என்பதால்தான், சாப்பாட்டுக்கு அரைமணி முன்னதாக மாத்திரையை விழுங்கச் சொல்கிறார்கள்.

ஆயினும் நம் தொண்டைக்கு இவற்றால் பிரயோஜனம் உண்டா என்பதைப் பிரிட்டனில் பரீட்சித்துப் பார்த்தார்கள். தீராத தொண்டைத் தொல்லையுடைய 346 பேரில் ஒரு சாராருக்கு 30 மில்லிகிராம் லான்சோப்ரசோலை நாளைக்கு இருவேளை, 16 வாரங்கள் கொடுத்து, மற்றவர்களுக்கு அதே தோற்றமுள்ள, மருந்தில்லாத மாத்திரையைக் கொடுத்தனர். 45 மதிப்பெண் கொண்ட அறிகுறி அளவுகோலில் ஏறக்குறைய 22-இல் தொடங்கியவர்களுள், மருந்துண்டவர்கள் 17.4-க்கும், வெறும் மாத்திரை உண்டவர்கள் 15.6-க்கும் இறங்கினார்கள் என்ற முடிவு 2021-இல் வெளியாயிற்று. மருந்து தோற்றது என்பதைக் காட்டிலும், மருந்தின்றியும் இத்தொல்லை இவ்வளவு தணிகிறது என்பதே எனக்கு அதில் விசேஷமாகப் படுகிறது. மாத்திரையால்தான் குணமாயிற்று என்று மனமார நம்புகிறவர்களுள் எத்தனை பேர் தாமாகவே தேறியிருப்பார்களோ!

அப்பரீட்சைக்கு உட்பட்டவர்கள் அறிகுறிகளைக் கொண்டு சேர்க்கப்பட்டவர்களே தவிர, அமிலம் ஏறுவது அளந்து நிரூபிக்கப்பட்டவர்கள் அல்லர். ஆகவே நெஞ்செரிச்சலும் எதுக்களிப்பும் கூடவே உள்ளவர்க்கு இம்மாத்திரை வீண் என்று அப்பரீட்சையைக் காட்டிச் சொல்வது நியாயமன்று. குரல்வளையில் தெரியும் சிவப்பை மட்டும் நம்புவதும் தகாது; நோயற்ற பலருக்கும் அச்சிவப்பு உண்டு.

என் கவலையெல்லாம் தொண்டையைப் பாராமலே 'கேஸ் மாத்திரை' எழுதப்படுவதைப் பற்றியது. குரல் கரகரப்பு ஒன்றை மட்டும் வைத்து, குரல்வளையைக் காணாமல் அமில மருந்து தரலாகாது என்று அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கம் 2018-இல் வகுத்த நெறி எங்கும் கடைப்பிடிக்கத்தக்கது. நான்கு வாரம் கடந்தும் மாறாத கரகரப்பு, விழுங்கும்போது வலி, கழுத்தில் கட்டி, எச்சிலில் இரத்தம் இவற்றுள் ஒன்றேனும் உள்ளவர், விசேஷமாகப் புகைபிடிப்பவர், மாத்திரையை நம்பி ஒரு மாதம்கூடக் காத்திருக்கலாகாது. ஆரம்பத்தில் கண்டால் பெரும்பாலும் குணப்படுத்தக்கூடிய குரல்நாண் புற்றுநோய், அவ்வாறு காத்திருக்கும் காலத்திலேதான் முற்றிப்போகிறது.

அபாயக் குறிகள் இல்லாதவர், படுக்கைக்கு மூன்று மணி நேரம் முன்பே இரவு உணவை முடித்து, கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்திப் பார்க்கலாம். வெகுகாலம் மாத்திரை உண்டவர் சட்டென நிறுத்தினால் அமிலம் சில வாரம் மிகுந்து சுரக்குமாதலால், மருத்துவர் சொற்படி படிப்படியாகக் குறைப்பதே நன்று.

குரல்வளையைக் காண்பதும் அரிதன்று. 1854-இலேயே மானுவேல் கார்சியா என்ற சங்கீத ஆசிரியர், பல் வைத்தியரின் சிறு கண்ணாடியை வெந்நீரில் சூடாக்கி உள்நாக்கின்மேல் சார்த்தி, கைக்கண்ணாடியால் சூரிய ஒளியைப் பாய்ச்சித் தம் குரல்நாண்களைத் தாமே கண்டார். இன்று அதற்கு மூக்கின் வழியே செலுத்தும் மெல்லிய குழாயும் ஐந்து நிமிடமும் போதும்: "ஈ" என்று சொல்லச் சொல்கிறார் மருத்துவர், திரையில் இரண்டு வெண்ணிற நாண்கள் நெருங்கி வந்து ஒன்றையொன்று தொடுகின்றன.