குளிருக்கு ஒரு பின்னல்

விக்டோரியா அரசியார் ஆண்ட காலத்தில் (1837–1901) இங்கிலாந்துப் பெண்கள் பலர், குளிர்காலத்தில் கம்பளி உள்பாவாடை அணிந்தார்கள். அதைக் கையாலேயே பின்னவும் செய்தார்கள். இரண்டு நீண்ட ஊசிகளும் கம்பளி நூலும் போதும். ஒரு கண்ணிக்குள் மறு கண்ணியை இழுத்துக் கோப்பதே பின்னல்.

இரண்டு கண்ணிகளை முன்பக்கமாகவும், அடுத்த இரண்டைப் பின்பக்கமாகவும் மாற்றி மாற்றிப் பின்னினால், வரப்பும் வாய்க்காலும் போல மேடுபள்ளம் எழும். அது அழகுக்கு மட்டுமல்ல. இடையில் அடைபட்ட காற்று உடற்சூட்டை எளிதில் வெளியே விடாது.

எடின்பரோவில் ஜேன் கௌகேன் அம்மையார் 1840இல் பின்னல் முறைகளை நூலாக வெளியிட்டார். எழுத்தறிந்த பெண் அதைப் பார்த்தே புதுப் பின்னல் கற்றாள். எழுத்தறியாதவள் பிறர் கையைப் பார்த்துத்தான் கற்க வேண்டும். ஆகவே பெற்றோர்களே, கைவேலைக்கும் கல்வி துணை என்பதை மறவாதீர்கள்.